வீட்டில் நீர்க்கசிவு, கழிவுநீர் எதிர்த்து வருவது, வெள்ளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஈரம் கண்டவர்கள் முதலில் கேட்பது "எதைப் பூசினா நிக்கும்?" என்பதைத்தான். அது எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அழுத்தத்தோடு வரும் குழாய்த் தண்ணீர், புழங்கி வெளியேறும் கழிவுநீர், மழைநீர், தெருச் சாக்கடையிலிருந்து திரும்பி வருவது ஆகிய நான்கில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். ஒவ்வொன்றும் வரும் நேரம் வேறு, தீர்வும் வேறு. எளிய சந்தேகங்கள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

1. வீட்ல எங்கேயும் ஈரம் தெரியலை. ஆனா மீட்டர் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. கசிவு இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். தொட்டி நிரப்பும் மிதவை வால்வு இருந்தால் அதற்குப் போகும் வழியையும் அடையுங்கள். இல்லையென்றால் தொட்டி நிரம்புவதே கசிவு போலத் தெரியும். மீட்டரில் கடைசி இலக்கம் வரை குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்து மறுபடி பாருங்கள். பெரும்பாலான மீட்டர்களின் முகப்பில் முக்கோணமாகவோ நட்சத்திரமாகவோ ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். மெல்லிய ஒழுக்குக்குக்கூட அது சுழலும்.

சக்கரம் சுழல்கிறது என்றால், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள மெயின் வால்வை மூடிவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள். அப்போதும் சுழன்றால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே, மண்ணுக்குள் போகும் குழாயில் (அந்த வால்வு சரியாக மூடுகிறது என்பதை உள்ளே ஒரு குழாயைத் திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள்). உள்ளே என்றால் சுவரை உடைக்கும் யோசனைக்கு முன் கழிவறை ஃபிளஷ் தொட்டியைப் பாருங்கள். சத்தமும் ஈரமும் இல்லாமல் தண்ணீர் போகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

2. எங்க வீட்ல மீட்டரே கிடையாது. கீழே சம்ப், மேலே தொட்டி. நாங்க எப்படிப் பார்க்கறது?

தண்ணீர் மட்டமே உங்கள் மீட்டர். இரவில் மேல்தொட்டியை நிரப்பி, மோட்டாரை அணைத்து, தொட்டியிலிருந்து கீழே இறங்கும் எல்லா வால்வுகளையும் மூடுங்கள். உள்சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியிலோ அதன் இணைப்பு நிப்பிளிலோ கசிவு. இறங்கவில்லை என்றால் மறுநாள் இரவு வால்வைத் திறந்து வைத்து, யாரும் தண்ணீர் புழங்காமல், அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது இறங்கினால் தொட்டி நல்லது; வீட்டுக் குழாய்களில்தான் ஒழுக்கு. ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் போனது ஏறத்தாழ 8 லிட்டர்.

சம்புக்கும் இதே முறைதான், ஆனால் 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் சம்பின் மட்டம் தானாக ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். விரிசல் வழியாக மண்ணிலுள்ள தண்ணீர் உள்ளே வருகிறது என்று பொருள். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் அது இன்னும் மோசமான செய்தி.

3. ஃபிளஷ் தொட்டி ஒழுகுதான்னு கண்ணால பார்த்தா தெரியலையே?

தொட்டித் தண்ணீரில் அடர்த்தியான உணவு நிறமி சில துளிகள் விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் வந்திருந்தால் அடி ரப்பர் சரியாக உட்காரவில்லை. தண்ணீரை வடித்து, ரப்பரிலும் அது உட்காரும் விளிம்பிலும் படிந்திருக்கும் சுண்ணாம்பைத் துடையுங்கள். ரப்பர் கடினமாகியோ வளைந்தோ இருந்தால் அதே அளவில் புதியது மாற்றுங்கள்.

நிறம் வரவில்லை, ஆனால் தொட்டியில் "ஸ்ஸ்" என்ற சத்தம் நிற்பதே இல்லை என்றால், மிதவை அதிக உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் நடுக்குழாய் வழியாக வழிகிறது. அந்தக் குழாயின் வாய்க்கு 2 முதல் 3 செ.மீ. கீழே மட்டம் நிற்கும்படி மிதவையைத் தாழ்த்துங்கள். தாழ்த்தியும் ஏறினால் மிதவை வால்வின் உள் வாஷர் தேய்ந்துவிட்டது.

4. சொட்டுச் சொட்டா ஒழுகறதுக்கெல்லாம் ஆள் கூப்பிடணுமா?

எவ்வளவு போகிறது என்று அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு கிண்ணத்தைப் பத்து நிமிடம் வைத்து, சேர்ந்ததை அளந்து 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. பத்து நிமிடத்தில் 100 மி.லி. என்றால் நாளைக்கு 14 லிட்டருக்கு மேல்.

திருகு வகைக் குழாயில் வாய் வழியே சொட்டினால் உள்ளே வாஷர், கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங் அல்லது ரப்பர் வளையம். கால் சுற்று வகை என்றால் கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்ற வேண்டும். வாஷர் போன குழாயை இறுக்கி இறுக்கி மூடுவதால் அது உட்காரும் பித்தளை விளிம்பும் தேய்கிறது. பிறகு புது வாஷரும் நிற்காது. சுவரோடு சேரும் மரையில் கசிந்தால் கழற்றி, பழைய டெஃப்லான் டேப்பைச் சுத்தமாக எடுத்து, மரை முறுகும் திசையிலேயே புதிதாகச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே அவிழ்ந்து சுருண்டுவிடும்.

5. சுவர்ல ஈரம் பூத்திருக்கு. குழாய்க் கசிவா, மழையா, வேற எதாவதா?

எங்கே ஈரம் தெரிகிறது என்பதைவிட எப்போது கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் சுவருக்குள் பல அடி நகர்ந்து எளிதான இடத்தில் வெளியே வரும். கறை இருக்கும் இடத்தில்தான் ஓட்டை என்பது கிடையாது. இரவும் பகலும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் அழுத்தக் குழாய். குளித்த பிறகோ பாத்திரம் கழுவிய பிறகோ கூடினால் கழிவுக் குழாய் அல்லது பாத்ரூம் தரை. மழை பெய்து சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் கூடினால் வெளிச்சுவர் அல்லது மொட்டை மாடி. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை பட்டையாக, எல்லாப் பருவத்திலும் இருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஈரம். ஒரு வாரம் தேதியும் நேரமும் போட்டுக் கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து வாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதும் கசிவு போலவே தோன்றும். ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளின் வெளிப்புறம் ஈரமாக இருந்தால் காற்றின் ஈரம். ஜன்னலும் எக்ஸாஸ்ட் விசிறியும் போதும். சுவரைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

6. மேல் வீட்டு பாத்ரூம்லேர்ந்து எங்க சீலிங்ல கசியுது. அவங்க "எங்க குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றாங்க. எப்படி நிரூபிக்கறது?

அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். குழாய் நன்றாக இருந்து தரை ஒழுகும் வீடுகள் ஏராளம். இரண்டு வீட்டாரும் சேர்ந்து மூன்று சோதனைகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்; ஒவ்வொன்றுக்கும் முன் சீலிங் ஓரளவு உலர வேண்டும். முதலில் அழுத்தக் குழாய்: அந்த பாத்ரூமை ஒரு நாள் புழங்காமல் வைத்து, வால்வு மட்டும் திறந்திருக்கட்டும். சொட்டு தொடர்ந்தால் சுவருக்குள் போகும் குழாய்தான்.

அது நின்றுவிட்டால் அடுத்தது கழிவுக் குழாய். தரையை நனைக்காமல், புனல் வைத்து நஹானி டிராப்பின் (பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் வளைகுழாய்) வாயிலேயே நான்கைந்து வாளி நிறத்தண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கீழே நிறம் தெரிந்தால் டிராப் அல்லது அதன் இணைப்பு. தெரியவில்லை என்றால் கடைசியாகத் தரை: டிராப்பைத் துணி கட்டிய பந்தால் இறுக அடைத்து, தரையில் 3 முதல் 5 செ.மீ. உயரத்துக்கு நிறத்தண்ணீர் தேக்கி, மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். வாசற்படியைத் தாண்டி வழியக் கூடாது. இதில் கசிந்தால் டைல்ஸுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது.

வரிசையை மாற்றித் தரையில் முதலில் தேக்கிவிட்டால், ஊறிய கான்கிரீட் பல நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். மற்ற இரண்டு சோதனைக்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

7. டைல்ஸ் இடுக்குல வெள்ளை சிமெண்ட் பூசினா போதாதா?

கழிவுக் குழாய்க் கசிவுக்குப் போதாது. தரைக் கசிவுக்கு, பழைய பூச்சை முழுதாகச் சுரண்டி எடுத்து எபாக்ஸி நிரப்பினால் ஓரளவு தாங்கும். வெள்ளை சிமெண்ட் உலர்ந்ததும் சுருங்கி மயிரிழை விரிசல் விடும். தரையும் சுவரும் சேரும் மூலை, டிராப்பைச் சுற்றிய வட்டம் ஆகிய இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் பிளக்கிறது. அங்கே வளையக்கூடிய சீலன்ட் போடுங்கள். தேக்கிய தண்ணீர் சோதனையில் வேகமாகக் கசிந்திருந்தால் மேற்பூச்சுக்குச் செலவிடாதீர்கள். டைல்ஸைப் பெயர்த்துத் தடுப்புப் பூச்சைச் சுவரில் 30 செ.மீ.யாவது ஏற்றிப் போடுவதுதான் வழி.

8. குழாய் வெடிச்சு தண்ணி பீய்ச்சி அடிக்குது. முதல்ல என்ன பண்ணணும்?

ஓட்டையைக் கையால் பொத்தி நிற்காதீர்கள், வால்வுக்குப் போங்கள். அந்த அறைக்கான வால்வு, இல்லையென்றால் தொட்டியின் வெளியேறும் வால்வு, அல்லது மீட்டருக்கு அருகில் உள்ளது. மூடியவுடன் வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்துவிடுங்கள். குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் வெடிப்பு வழியாக வராமல் அங்கே இறங்கிவிடும். தண்ணீர் பிளக் பாயிண்ட்டையோ மின்பெட்டியையோ நெருங்கினால் என்ன செய்வது என்பது கேள்வி 18-இல் இருக்கிறது. வாட்டர் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் தண்ணீர் கோத்துத் தொங்கினால், அடியில் வாளி வைத்து, ஒதுங்கி நின்று, தொங்கலின் நடுவே ஸ்குரூடிரைவரால் ஒரு சின்னத் துளை போடுங்கள். விட்டுவைத்தால் பலகை முழுதும் ஒரேயடியாக விழும். இதுவும் அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான்.

9. வால்வு துருப்பிடிச்சு திரும்பவே மாட்டேங்குது!

ரெஞ்ச் போட்டு முறுக்கினால் தண்டு ஒடியும். ஒடிந்தால் இருந்த ஒரே வழியும் போய்விடும். அவசர நேரத்தில் அதற்கு முந்தைய வால்வைத் தேடுங்கள். தொட்டித் தண்ணீர் என்றால் தொட்டிக்குள்ளேயே வெளியேறும் வாயைத் துணி சுற்றிய கட்டையால் அடைக்கலாம். பிறகு, துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் கழித்து, மூடும் திசைக்கும் திறக்கும் திசைக்கும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் பல வால்வுகள் வழிக்கு வரும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலுள்ள ஒவ்வொரு வால்வையும் முழுதாக மூடித் திறங்கள். கேட் வால்வை முழுதும் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் கொண்டுவந்து விட்டால் சிக்கிக்கொள்ளாது. எந்த வால்வு எந்த அறைக்கு என்று அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். வெடித்த நேரத்தில் வீட்டில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

10. ஆள் வர்ற வரைக்கும் தற்காலிகமா எப்படி அடைக்கலாம்? நானே வெட்டி ஒட்டினா நிக்குமா?

வால்வை மூடி, குழாயைத் துடைத்து, சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை விரிசலின் மேல் இழுத்து மூன்று நான்கு சுற்று சுற்றி, இருபுறமும் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கீழ்க் குழாயில் அழுத்தம் ஏறத்தாழ 1 பார்தான். சில நாள் தாங்கும். தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போது எபாக்ஸி மக்கு அப்பினால் பிடிக்காது.

வெளியே தெரியும் பிவிசி குழாய் என்றால் நீங்களே செய்யலாம். விரிசலுக்கு இருபுறமும் 5 செ.மீ. தள்ளி நேராக வெட்டுங்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் பிளவு நீண்டிருக்கும். பிசிறைச் சீவி, உலரத் துடைத்து, குழாயிலும் கப்ளரிலும் (இரண்டு குழாய்களை இணைக்கும் உறை) சால்வென்ட் பசை தடவி, கால் சுற்று திருகியபடி அடிவரை தள்ளி, 30 நொடி அப்படியே பிடியுங்கள். பிடிக்காமல் விட்டால் இணைப்பு தானாகப் பின்னால் நழுவும். வெந்நீர்க் குழாயான சிபிவிசிக்கு அதற்கென உள்ள சால்வென்ட்தான். தண்ணீர் விடுவதற்கு முன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுதும் காத்திருங்கள். இந்த வேலை பெரும்பாலும் கெடுவது ஈரக் குழாயில் ஒட்டுவதாலும் அவசரப்பட்டு வால்வைத் திறப்பதாலும்தான்.

11. மொட்டை மாடியில தண்ணி தேங்கறது அவ்வளவு பெரிய விஷயமா?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் மணிக்கு 50 மி.மீ. பெய்தால் ஒரு மணி நேரத்தில் 5,000 லிட்டர் இறங்க வேண்டும். வாய் அடைத்து 10 செ.மீ. தேங்கினால் கூரைமேல் 10 டன். எனவே இலைச்சருகு, பிளாஸ்டிக் பை, பழைய சிமெண்ட் துகள் எல்லாவற்றையும் மழைக்கு முன்பே அள்ளிவிட்டு, ஒவ்வொரு மழைநீர்க் குழாயிலும் ஒரு வாளி ஊற்றிக் கீழே அதே வேகத்தில் வருகிறதா பாருங்கள். தட்டையான சல்லடை ஒரே பையால் அடைபடும்; கூம்பு வடிவ மூடி அவ்வளவு எளிதில் அடைபடாது. கைப்பிடிச் சுவரில் வழிந்தோடத் தனியாக ஒரு துளை இருப்பது நல்லது. அந்த மழைநீர்க் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்பது கேள்வி 14-இல் முக்கியமாகும்.

12. மாடியில குளிச்சா கீழ் பாத்ரூம்ல குடுகுடுன்னு சத்தம், சில சமயம் தண்ணி மேலே வருது. ஏன்?

ஒரே ஒரு வாஷ்பேசின் மட்டும் மெதுவாக இறங்கினால் அடைப்பு அதன் டிராப்பில். பல இடங்களில் ஒன்றாகத் தெரிந்தால் அடைப்பு எல்லாம் சேரும் பெரிய குழாயில். மேலிருந்து வரும் தண்ணீர் போக வழியில்லாமல், வீட்டிலேயே மிகத் தாழ்வான வாயைத் தேடி வெளியே வரும். அது பெரும்பாலும் தரைத்தள நஹானி டிராப். இந்த நிலையில் மாடியில் குளிப்பது, துவைப்பது, ஃபிளஷ் எல்லாவற்றையும் உடனே நிறுத்துங்கள். உங்கள் வீட்டுக் கழிவுதான் உங்கள் வீட்டுக்குள் வருகிறது.

தண்ணீர் வராமல் நாற்றம் மட்டும் வந்தால் அது வேறு விஷயம். டிராப்பில் நிற்க வேண்டிய 5 செ.மீ. தண்ணீர் ஆவியாகியிருக்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் பூட்டி வைக்கப்போகும் வீடு என்றால் மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும்.

13. அடைப்பு எங்க குழாயிலயா, தெருக் குழாயிலயா? ஆசிட் ஊத்திப் பார்க்கலாமா?

வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே உள்ள சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் காலியாக இருந்து வீட்டுக்குள் தேங்கினால் அடைப்பு உங்கள் பக்கம். சேம்பர் நிரம்பி நின்றால் அதற்கு அப்பால். இரண்டு மூன்று சேம்பர் இருந்தால், நிரம்பிய கடைசி சேம்பருக்கும் காலியான அடுத்த சேம்பருக்கும் இடையில்தான் அடைப்பு. மூடியைத் திறந்து சற்று விலகி நில்லுங்கள், நெருப்பு வேண்டாம். உள்ளே இறங்கவோ யாரையும் இறக்கவோ கூடாது: ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, சில மூச்சில் மயக்கம் வரும். காப்பாற்ற இறங்குகிறவரும் அப்படியேதான் விழுவார்.

ஆசிட்டைப் பற்றி: அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத் தேங்கிய தண்ணீர் வழி விடாது. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். பிறகு வரும் வேலையாள் அந்தத் தண்ணீரில்தான் கை வைக்க வேண்டும். ரப்பர் பிளஞ்சர் போதும், முறையாகப் பயன்படுத்தினால்: கிண்ணம் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், பேசினின் வழிதுளையை ஈரத்துணியால் அடைத்துவிட்டு இருபது முறை அழுத்தி இழுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பிரிங் கேபிள். ஈரத் துடைப்புத்தாள், நாப்கின், ஆறிய எண்ணெய் ஆகியவற்றைக் குழாய்க்குள் விடும் வரை எந்தக் கேபிளாலும் நிரந்தரத் தீர்வு கிடையாது.

14. சாதாரண நாள்ல பிரச்சினையே இல்லை. கனமழை பெஞ்சா மட்டும் டாய்லெட்ல கழிவு மேலே வருது.

இது அடைப்பு இல்லை, மட்டம். மழைநீர் புகுந்து தெருச் சாக்கடை நிரம்பினால், தண்ணீர் அங்குள்ள மேன்ஹோல் மூடி வரை உயரும். உங்கள் பாத்ரூம் தரை அந்த மூடியைவிடத் தாழ்வாக இருந்தால் கழிவு உங்கள் வீட்டில்தான் முதலில் வெளியே வரும். கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலை வைத்து இரண்டு மட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கழிவுநீர் உங்களை நோக்கி வரும் திசையில், அதாவது உங்கள் இணைப்புக்கு மேற்புறமாக உள்ள அடுத்த மேன்ஹோலின் மூடியே கணக்கு.

தாழ்வாக இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு தேவை. உள்ளே ஒரு தட்டு இருக்கும். வெளியே போகும்போது திறக்கும், எதிர்த்து வரும்போது மூடும். அதை மண்ணுக்குள் புதைக்காமல், திறந்து பார்க்கக்கூடிய சேம்பரில் வையுங்கள். அம்புக்குறி தெருவைப் பார்த்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து தட்டைக் கழுவுங்கள். ஒரு துணித் துண்டு சிக்கினாலும் அது மூடாது. மொட்டை மாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்திருந்தால் அதை முதலில் பிரியுங்கள். தெரு நிரம்புவதற்கு அப்படிப்பட்ட இணைப்புகள் பெரிய காரணம்.

15. வால்வு போட்டாச்சு. இப்ப தெருத் தண்ணி வரலை, ஆனா மழையில எங்க தண்ணியே வெளிய போகாம உள்ளே தேங்குது!

வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, இடம்தான் தப்பு. வீடு முழுவதற்கும் ஒரே வால்வாகக் கடைசியில் போட்டால், அது மூடியிருக்கும் நேரத்தில் மாடியிலிருந்து வரும் கழிவும் உள்ளேயே தங்கும். கேள்வி 12-இல் சொன்னபடி அது தரைத்தள டிராப் வழியாக வெளியே வரும். மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்வான இடங்களின் குழாய்களை மட்டும் ஒரு கிளையாக்கி அதில் வால்வை வையுங்கள். மாடிக் குழாய்கள் வால்வைத் தாண்டித் தெருப்பக்கம் சேரட்டும். உயரத்திலிருந்து வருவதால் அவற்றை எதிர்நீர் பாதிக்காது.

குழாய்களை மாற்ற வழியில்லை என்றால், வால்வு மூடியிருக்கும் நேரத்தில் யாரும் தண்ணீர் புழங்காமல் இருப்பதுதான் மிச்சம். தரைமட்டத்துக்குக் கீழே கழிவறை உள்ள வீடுகளுக்கு, கழிவைக் குழியில் சேர்த்து மோட்டாரால் உயரத்துக்கு ஏற்றி அனுப்புவதே நம்பகமானது.

16. வால்வெல்லாம் இல்லை, மழை இப்பவே கொட்டுது. டாய்லெட்டை எப்படி அடைக்கறது?

தரை டிராப்பிலிருந்து சல்லடையை எடுத்துவிட்டு, நட்டு முறுக்கினால் விரியும் ரப்பர் அடைப்பானைச் செருகுங்கள். அது கையில் இல்லையென்றால், தடித்த பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பிக் கட்டி, கழிவறைக் கோப்பைக்குள் வாயை மூடும்படி அழுத்தி, மேலே பாரம் வையுங்கள். 100 மி.மீ. துளையின் மேல் 50 செ.மீ. உயர எதிர்நீர் தள்ளும் விசை ஏறத்தாழ 4 கிலோ. ஒரு மீட்டர் என்றால் 8 கிலோ. மணலும் கல்லும் தண்ணீருக்குள் எடை குறையும் என்பதால் இரட்டிப்பாக வையுங்கள். அடைத்த பிறகு வீட்டில் எந்தக் குழாயும் திறக்கக் கூடாது.

17. வாசல்ல மணல் மூட்டை போட்டேன். அடியிலயே தண்ணி வந்துடுச்சு. செப்டிக் டேங்கும் நிரம்பிடுச்சு, காலி பண்ணிடலாமா?

மூட்டையை முழுதாக நிரப்பினால் உருண்டையாகி இடைவெளி விடும். பாதி மட்டும் நிரப்பி, வாயை அடியில் மடித்துத் தட்டையாகக் கிடத்தி, செங்கல் அடுக்குவது போல மூட்டு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்து அமுக்குங்கள். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் தாளைத் தரையில் படர விட்டு, அதன் விளிம்பு மேல் ஒரு வரிசை மூட்டை. ஆனால் வெளியே 60 செ.மீ.க்கு மேல் உயர்ந்தால் தடுப்பதை நிறுத்துவது பற்றி யோசியுங்கள். அந்த உயரத்தில் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 180 கிலோ விசை. உயரம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. சுவர் இடிவதைவிடத் தண்ணீர் உள்ளே வருவது மேல்.

செப்டிக் டேங்கைச் சுற்றி மண் ஊறியிருக்கும்போது காலி செய்யாதீர்கள். ஃபைபர், பிளாஸ்டிக் தொட்டிகள் காலியானதும் மண்ணைப் பிளந்து மிதந்து எழும். கட்டிய தொட்டியின் சுவர் உள்ளே சாயலாம். காலி செய்தாலும் சுற்றியுள்ள தண்ணீர் மறுபடி உள்ளே வரும். நிலத்தடி நீர் இறங்கும் வரை தண்ணீர்ச் செலவைக் குறையுங்கள். வண்டல் தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது, உலர்ந்த மாதத்தில் எடுப்பதே சரி.

18. தண்ணி உள்ளே வந்துடுச்சு. மெயின் சுவிட்சை அணைக்கலாமா?

உலர்ந்த தரையில் நின்று, உலர்ந்த கையால் தொட முடிந்தால் மட்டும். மின்பெட்டிக்குப் போகும் வழியில் கால் தண்ணீரில் பட வேண்டியிருந்தால் போகாதீர்கள். மின்வாரியத்தைக் கூப்பிட்டு வெளியிலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்தும் சில பாயிண்ட்டுகளில் மின்சாரம் இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நனைந்த ஃபிரிட்ஜ், மோட்டார், பிளக் பாயிண்ட் எதையும் எலக்ட்ரீஷியன் சோதிக்காமல் இயக்கக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ ஓட்டாதீர்கள். அதன் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

19. அடித்தளத்துல ஆறடி தண்ணி. பெரிய மோட்டார் வெச்சு ஒரே மூச்சா இறைச்சிடலாமா?

வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீர் இப்போது வெளியே ஊறிய மண்ணின் அழுத்தத்தை எதிர்த்துச் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வெளியே வடிந்த பிறகு, ஒரு நாளைக்கு 30 செ.மீ. மட்டும் இறைத்து, மட்டத்தைக் குறித்து, இரவு விட்டுப் பாருங்கள். மறுபடி ஏறியிருந்தால் நிலத்தடி நீர் இன்னும் உயரத்தில் இருக்கிறது, காத்திருங்கள்.

20. சாக்கடைத் தண்ணி ஏறின வீட்டை எப்படிச் சுத்தம் பண்றது? சம்புலயும் கலந்துடுச்சு.

எதையும் தொடுவதற்கு முன் எல்லா அறையையும், சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டையும் படம் எடுங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால், கழிவுநீர் எதிர்த்து வந்தது, வெளிவெள்ளம், குழாய் வெடிப்பு மூன்றும் பல பாலிசிகளில் தனித்தனிப் பிரிவுகள். எது நடந்தது என்று சரியாகச் சொல்வதில் பணம் இருக்கிறது. ரப்பர் பூட்ஸ், கையுறை போட்டு, சேற்றை அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகே கிருமிநாசினி. 10 லிட்டர் தண்ணீருக்கு 125 மி.லி. வீட்டு பிளீச் கலந்து தடவி, பத்து நிமிடம் ஈரமாக விட்டுத் துடையுங்கள். சேற்றின் மேலேயே பிளீச் ஊற்றினால் அது சேற்றிலேயே செலவாகிவிடும். கழிவுநீர் ஊறிய மெத்தை, தலையணை, ஃபைபர் பலகை எதுவும் திரும்ப உதவாது. மற்றவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

சம்பை முழுதும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி அந்தத் தண்ணீரையும் வெளியேற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடரை (33 சதவீத குளோரின் உள்ளது) வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அதையே மேல்தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும் வரை திறந்து, மூடி, 24 மணி நேரம் விட்டு, முழுதும் வடித்து அலசுங்கள். இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. அதுவரை குடிக்கும் தண்ணீரை, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள்.

21. எல்லாம் காய்ஞ்சுடுச்சுன்னு பெயிண்ட் அடிச்சேன். ரெண்டே மாசத்துல உப்பி உரிஞ்சு, வெள்ளையா பூக்குது. என்ன தப்பு?

மேற்பரப்பு காய்ந்தது, உள்ளே காயவில்லை. சுவர் உலர 25 மி.மீ. தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. பெயிண்ட் அந்த ஈரத்தின் வழியை அடைத்ததால் உப்பியது. வெள்ளைப் பூப்பு, தண்ணீரில் கரைந்து வெளியே வந்து காய்ந்த உப்பு. தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள், தினமும் வந்தால் தினமும். உரிந்த பெயிண்டையும் பொதபொதவென்று ஆன பூச்சையும் சுரண்டி எடுத்து, விசிறியும் காற்றோட்டமும் கொடுத்து விடுங்கள்.

பூப்பது நின்ற பிறகு கேள்வி 5-இல் சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனையை இரண்டு மூன்று இடங்களில், ஒன்றைத் தரையோரத்திலும் வைத்து, செய்யுங்கள். எல்லாத் தாளும் உள்பக்கம் உலர்ந்திருந்தால் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். தரையோரத் தாள் மட்டும் திரும்பத் திரும்ப நனைந்தால் வெள்ளம் காரணமில்லை. வெளியே சுவரை ஒட்டி மண் உயர்ந்திருக்கிறதா பாருங்கள். சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்கு 15 செ.மீ. சரிவு வெளிப்பக்கமாக இருக்க வேண்டும்.